கவலையும் கார்டிசாலும் சர்க்கரையும்: அழுத்த ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட மரபணுக்கள் பற்றிய ஒரு மதிப்பாய்வு

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவரும்போது வீட்டார் சொல்லும் முதற்காரணம் பெரும்பாலும் கவலையாகவே இருக்கிறது. மகளின் கல்யாணக் கடன், பீடிக்கூலியில் விழுந்த பிடித்தம், கதிர் முற்றும் நேரத்தில் தண்ணீர் கிடைக்காமல் போன பிசானப் பயிர் என்று காரணங்கள் வீட்டுக்கு வீடு வேறுபட்டாலும், கவலைப்பட்டுக் கவலைப்பட்டே சுகரை வரவழைத்துக்கொண்டார் என்ற முடிவு மாறுவதில்லை. மருத்துவமனையில் பேச்சு வேறு திசையில் செல்கிறது. அங்கே சோற்றின் அளவும், இடுப்புச் சுற்றளவும், நடை இல்லாமையும், பெற்றோர் வழி வந்த மரபும் பேசப்படுகின்றன. இவ்விரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. நெருக்கடி நேரத்தில் உடல் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், மரபணுக்கள் பலவற்றை இயக்கியும் அடக்கியும் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை நேரடியாகவே மாற்றக்கூடியது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. ஆயினும் ஹார்மோனிலிருந்து சர்க்கரைக்குச் செல்லும் பாதை தெளிவாக இருக்கும் அளவுக்கு, அன்றாடக் கவலையிலிருந்து நோய்க்குச் செல்லும் பாதை தெளிவாக இல்லை. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சமோ, பட்டினியோ, காயமோ, தூக்கக்கேடோ, எதுவாயினும் அதை உணரும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி வெளியிடும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் இரத்தத்தோடு சென்று, சிறுநீரகங்களுக்கு மேலே அமைந்த அட்ரினல் சுரப்பிகளின் புறணியிலிருந்து கார்டிசாலைச் சுரக்கச் செய்கிறது. மூளைக்குக் குளுக்கோஸ் தடைபடாமல் போய்ச் சேர வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் பயன்; ஆகவே கார்டிசால் கல்லீரலில் புதிதாகக் குளுக்கோஸை உண்டாக்கச் செய்கிறது, தசையின் புரதத்தைக் கரைத்து அதற்கு மூலப்பொருள் தருகிறது, கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது, இன்சுலினின் செயலை மட்டுப்படுத்துகிறது. அட்ரினல் புறணி அழிந்துபோன ஆடிசன் நோயாளிகள் இந்த ஹார்மோனை மருந்தாக எடுத்துக்கொள்ளாவிட்டால் உயிர்வாழ முடியாது என்பதால், கார்டிசாலை உடலின் பகையாகக் கருதுவது பிழை. அதன் அளவு நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதுமில்லை; விடியற்காலையில் உச்சத்தைத் தொட்டு, பகலில் படிப்படியாகத் தணிந்து, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைகிறது.

கார்டிசால் அளவுக்கு மிஞ்சினால் என்ன நேரும் என்பதை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932இல் விவரித்த நோய் காட்டியது. வயிறும் முகமும் பருத்து, கைகால்கள் மெலிந்து, தசை வலுவிழந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறிய அந்த நோயாளிகளின் தோற்றத்துக்கும், 1988இல் ஜெரால்ட் ரீவன் இன்சுலின் எதிர்ப்பை அடிப்படையாக வைத்து வகுத்துக்காட்டிய, இன்று வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி என்று வழங்கும் நிலைக்கும் உள்ள ஒற்றுமை கண்ணில் படாமல் போகாது. வயிற்றுப் பருமன், உயர்ந்த டிரைகிளிசரைடு, குறைந்த நல்ல கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், உயர்ந்த சர்க்கரை ஆகியவை ஒருவரிடமே கூடிவருவதுதான் அத்தொகுதி. தமிழ்நாட்டின் நகரங்களிலும் ஊர்களிலும் நடுவயதைத் தாண்டியவர்களிடம் அது மிகப் பரவலாகக் காணப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வின் 2011ஆம் ஆண்டு முடிவுகளின்படி தமிழ்நாட்டின் வயதுவந்தோரில் 10.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; நாடு முழுவதையும் உள்ளடக்கி 2023இல் வெளியான அதே ஆய்வின் நிறைவு அறிக்கை, இந்தியா முழுமைக்கும் 11.4 விழுக்காடு என்று கணக்கிட்டது.

குஷிங் நோயோடு ஒப்பிட்டவர்கள் இயல்பாகவே எதிர்பார்த்தது, வயிற்றுப் பருமன் உள்ளவர்களின் இரத்தத்தில் கார்டிசால் கூடுதலாக இருக்கும் என்பது. அளந்து பார்த்தபோது அப்படி இருக்கவில்லை. பருமனானவர்கள் பலரிடம் அது இயல்பாகவோ சற்றுக் குறைவாகவோகூட இருந்தது. இப்புதிருக்கான விடையை நோக்கி முதல் வலுவான சான்றைத் தந்தது 1997இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை. செயலற்ற வடிவமான கார்டிசோனைச் செயல்படும் கார்டிசாலாக மாற்றும் நொதி ஒன்று குடலை மூடியிருக்கும் வயிற்றுக் கொழுப்பில் மிகுதியாக இயங்குவதை அவர்கள் கண்டனர். பாபநாசம் அணையில் எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பதை வைத்து நதியுண்ணிக் கால்வாயின் கடைமடை வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சொல்லிவிட முடியாது. இடையிலுள்ள ஒவ்வொரு மடையும் அதை முடிவு செய்கிறது. இரத்தத்தில் ஓடும் கார்டிசாலுக்கும் திசுவுக்குள் வேலைசெய்யும் கார்டிசாலுக்கும் உள்ள உறவும் அத்தகையதே. 2001இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் எச்.எஸ்.டி.11.பி.1 எனப்படும் அந்த நொதியின் மரபணுவைச் சுண்டெலியின் கொழுப்புத் திசுவில் மட்டும் மிகுதியாக இயங்கச் செய்தபோது, எலிகளில் கார்டிசாலின் இடத்தில் சுரக்கும் கார்டிகோஸ்டீரோன் இரத்தத்தில் உயராமலேயே அந்த எலிகளுக்கு வயிற்றுப் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் வந்தன. இந்நொதியைத் தடுக்கும் மருந்துகள் மனிதரிடம் சோதிக்கப்பட்டு, சர்க்கரையை ஓரளவே குறைத்தன. நீரிழிவு மருந்தாக அவற்றில் எதுவும் சந்தைக்கு வரவில்லை. எலியில் அத்தனை தெளிவாக இருந்த ஒன்று மனிதரிடம் ஓரளவு மட்டுமே பலித்தது, இத்துறையின் பிற கண்டுபிடிப்புகளைப் படிக்கும்போதும் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி.

திசுவுக்குள் நுழைந்த கார்டிசால் செய்வது என்ன என்பதே மரபணுக்களின் கதை தொடங்கும் இடம். உயிரணுவின் உட்திரவத்தில் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி என்ற புரதம், வேறு சில துணைப் புரதங்களோடு பிணைந்து காத்திருக்கிறது. அதன் மரபணு 5ஆம் குரோமோசோமில் உள்ள என்.ஆர்.3.சி.1; ரொனால்டு எவான்ஸின் ஆய்வுக்குழு 1985இல் மனித ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்து அதன் வரிசையை அறிந்தது. கார்டிசால் வந்து சேர்ந்ததும் ஏற்பி துணைப் புரதங்களை விட்டு உட்கருவுக்குள் நகர்ந்து, டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட குறுவரிசைகளில் அமர்கிறது. அங்கிருந்து அருகிலோ தொலைவிலோ உள்ள மரபணுக்களின் இயக்கத்தைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. மனிதருக்குள்ள ஏறத்தாழ 20,000 மரபணுக்களில் எவை இவ்வாறு மாறும் என்பது திசுவுக்குத் திசு வேறுபடுகிறது. டி.என்.ஏ. எந்த இடங்களில் தளர்ந்து திறந்திருக்கிறதோ அங்கேதான் ஏற்பி பெரும்பாலும் சென்று அமர முடியும். அந்தத் திறப்புகள் கல்லீரலில் ஒரு மாதிரியும் கொழுப்பில் வேறு மாதிரியும் அமைந்துள்ளன. ஆகவே கார்டிசாலுக்குக் கட்டுப்பட்ட மரபணுக்கள் என்று ஒரே பட்டியல் எழுத முடியாது. ஒவ்வொரு திசுவுக்கும் அதற்கென்று ஒரு பட்டியல் உண்டு.

கல்லீரலின் பட்டியலில் பி.சி.கே.1, ஜி6.பி.சி. ஆகிய இரண்டும் முதன்மையானவை. குளுக்கோஸைப் புதிதாக ஆக்கும் வேதிவழியின் திருப்புமுனைகளில் நிற்கும் நொதிகளை இவை உருவாக்குகின்றன. கார்டிசால் இவற்றை முடுக்குகிறது, இன்சுலின் அடக்குகிறது. 1937இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 போன்ற அரிசியைத் தீட்டி வெள்ளைச் சோறாக மூன்று வேளையும் உண்ணும் உடலில், உணவால் ஏறும் சர்க்கரையைச் சமாளிக்க இன்சுலின் ஏற்கெனவே மிகுதியாகத் தேவைப்படுகிறது. அதே நேரத்தில் கார்டிசாலும் உயர்ந்து நின்றால் கல்லீரலின் உற்பத்தியை அடக்கும் வேலையும் அந்த இன்சுலின் மேலேயே விழுகிறது. தீட்டிய தானியங்களை மிகுதியாக உண்பவர்களிடம் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி கூடுதலாகக் காணப்படுவதைச் சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்வு 2009இல் காட்டியது. உணவையும் ஹார்மோனையும் தனித்தனிக் காரணங்களாகப் பிரித்துப் பேசுவது ஏன் பொருந்தாது என்பதற்கு, ஒரே மரபணுவில் இரண்டு ஆணைகளும் வந்து மோதும் இந்த இடமே போதிய சான்று. தசையில் பி.டி.கே.4 குளுக்கோஸை எரிக்காமல் தடுக்கிறது, கே.எல்.எஃப்.15 முதலியவை புரதச் சிதைவைத் தூண்டுகின்றன. கார்டிசாலைப் போலவே செயல்படும் ஸ்டீராய்டு மாத்திரையை நாள்பட உண்டவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருப்பது இதனால்தான்.

கொழுப்புத் திசுவின் பட்டியலில் இரண்டு மரபணுக்களை விரிவாகப் பார்ப்பது தகும், ஏனெனில் மனிதச் சான்று அவற்றில்தான் சற்று உறுதியாக இருக்கிறது. முதலாவது, சுருக்கமாக ஏ.என்.ஜி.பி.டி.எல்.4 எனப்படும் மரபணு. இது தரும் புரதம், இரத்தத்தில் மிதக்கும் டிரைகிளிசரைடை உடைத்துத் திசுக்களுக்குள் சேர்க்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. அதனால் இரத்தத்தில் டிரைகிளிசரைடு தங்குகிறது. இது ஏற்பியின் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ளதென்பதும், இம்மரபணு இல்லாத எலிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்வதும் டிரைகிளிசரைடு உயர்வதும் குறைகின்றன என்பதும் 2009இல் காட்டப்பட்டன. மனிதரில் ஒரு சிலருக்கு இம்மரபணுவின் செயலைக் குன்றச் செய்யும் ஓர் எழுத்து மாற்றம் பிறவியிலேயே இருக்கிறது. அவர்களுக்கு டிரைகிளிசரைடு குறைவாகவும் இதயத் தமனி நோய் குறைவாகவும் இருப்பதை 2016இல் பல்லாயிரம் பேரின் மரபணு வரிசைகள் உறுதிசெய்தன. ஹார்மோன் இயக்கும் ஒரு மரபணு, எலியில் நடத்திய சோதனை, மனிதரின் இயற்கையான வேறுபாடு, நோயின் விளைவு ஆகிய நான்கும் ஒரே கோட்டில் வரும் இத்தகைய சான்று இத்துறையில் அரிது.

இரண்டாவது, எஃப்.கே.பி.பி.5. இது தரும் புரதம் ஏற்பியோடு பிணைந்து, கார்டிசாலை அது பற்றிக்கொள்ளும் திறனைக் குறைக்கிறது. கார்டிசாலோ இம்மரபணுவை வேகமாக இயக்குகிறது. தன் செயலுக்குத் தானே தடை போடும் இந்தச் சுழற்சியின் வலிமை ஆளுக்கு ஆள் மாறுவதற்கு, மரபணுவின் உட்பகுதியிலுள்ள ஓர் எழுத்து வேறுபாடு ஒரு காரணம். மியூனிக்கிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமருத்துவ நிறுவனத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வு, அந்த வேறுபாடு உடையவர்கள் சிறுவயதில் கடும் கொடுமைக்கு ஆளாகியிருந்தால், டி.என்.ஏ.வின் மேலுள்ள வேதிக்குறிகள் நீங்கி, அம்மரபணு வாழ்நாள் முழுவதும் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருவதைக் காட்டியது. இது மனநலம் பற்றிய ஆய்வாகவே தொடங்கியது. ஆனால் 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மனிதக் கொழுப்புத் திசுவை டெக்ஸாமெத்தசோனில் ஊறவைத்தபோது அங்கேயும் எஃப்.கே.பி.பி.5 பெருமளவு உயர்ந்ததையும், இம்மரபணு மிகுதியாக இயங்குபவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருந்ததையும் கண்டனர். 2017இல் வெளியான எலி ஆய்வில், இம்மரபணு நீக்கப்பட்ட எலிகள் கொழுப்பு மிகுந்த உணவிலும் எடை கூடாமல் இருந்தன. அவற்றின் தசை குளுக்கோஸை நன்றாக ஈர்த்தது. மன நெருக்கடியும் சர்க்கரையும் ஒரே மரபணுவில் சந்திக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு உடற்கூறு அடிப்படையில் இதுவரை கிடைத்துள்ள சிறந்த ஆதரவு இதுதான். எனினும் மனித ஆய்வு காட்டுவது ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படும் உறவை மட்டுமே. எது காரணம், எது விளைவு என்பதை அது தீர்க்கவில்லை.

இம்மரபணுக்களின் பிறவி வேறுபாடுகள் உண்மையில் மக்களின் எடையையும் சர்க்கரையையும் எவ்வளவு நிர்ணயிக்கின்றன என்ற கேள்விக்கு முதலில் விடை தேடியவர்கள் ஏற்பியின் மரபணுவையே எடுத்துக்கொண்டனர். நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில், ஏற்பியின் ஒரு வேறுபாடு கார்டிசாலுக்கு உடலைச் சற்று மந்தமாக்கி இன்சுலினையும் கொலஸ்டிராலையும் குறைத்தது. என்363எஸ் எனப்படும் இன்னொன்று உடலை மிகை உணர்வுடையதாக்கிப் பருமனோடு தொடர்புபட்டது. அடுத்தடுத்து வந்த ஆய்வுகளில் இம்முடிவுகள் சில இடங்களில் திரும்பக் கிடைத்தன, பல இடங்களில் கிடைக்கவில்லை. தமிழ் வாசகர் கவனிக்க வேண்டியது, 2004இல் பிரிட்டன் வாழ் தெற்காசியரிடம் நடந்த ஆய்வில் இந்த என்363எஸ் மிக அரிதாகவே காணப்பட்டது என்பதை. ஐரோப்பியருக்குப் பருமனை விளக்குவதாகச் சொல்லப்பட்ட ஒன்று, பருமனும் நீரிழிவும் மிகுந்த தெற்காசியரிடம் ஏறக்குறைய இல்லாமலே இருக்கும்போது, அங்கே கிடைத்த மரபணுப் பட்டியலை இங்கே அப்படியே பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை.

ஒரு மரபணுவை முன்கூட்டியே தேர்ந்தெடுக்காமல் மரபுத்தொகுதி முழுவதையும் அலசும் முறை வந்த பிறகு படம் மாறியது. கார்நெட் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2014இல் ஐரோப்பிய வழித்தோன்றல்கள் 12,597 பேரின் காலை நேரக் கார்டிசாலை ஆராய்ந்தபோது, 14ஆம் குரோமோசோமில் ஒரே ஓர் இடம் மட்டுமே தெளிவாகத் தென்பட்டது. கார்டிசாலை இரத்தத்தில் பற்றிச் சுமந்து செல்லும் புரதத்தின் மரபணுவான செர்பினா6 அமைந்த இடம் அது. 2021இல் 25,314 பேராக விரிந்த ஆய்வு அதே இடத்தை உறுதிசெய்ததோடு, அங்குள்ள வேறுபாடுகள் கல்லீரலில் அந்தப் புரதத்தின் உற்பத்தியையும், தொலைவிலுள்ள கொழுப்புத் திசுவில் வேறு மரபணுக்களின் இயக்கத்தையும் மாற்றுவதைக் காட்டியது. பிறவியிலேயே காலைக் கார்டிசால் சற்று உயர்ந்திருக்கும்படி அமைந்தவர்களுக்கு இதயத் தமனி நோய் சற்று அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. மரபணு கருவுறும்போதே தீர்மானமாகிவிடுவதால், நோயின் விளைவாகக் கார்டிசால் உயர்ந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கு இங்கே இடம் குறைவு. கார்டிசால் காரணமாக இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் காலைக் கார்டிசாலில் மனிதர்களிடையே உள்ள வேறுபாட்டில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியையே இந்த இடம் விளக்குகிறது.

நீரிழிவின் பக்கமிருந்து பார்த்தால் எண்ணிக்கை வேறு விதமாக இருக்கிறது. 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, 25 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவைக் கொண்டு இரண்டாம் வகை நீரிழிவோடு தொடர்புள்ள 611 இடங்களை மரபுத்தொகுதியில் அடையாளம் கண்டது. அவற்றில் பெரும்பாலானவை புரதத்தின் வடிவத்தை மாற்றுவன அல்ல. ஏதோ ஒரு மரபணு எப்போது, எவ்வளவு இயங்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் பகுதிகளில் அமைந்தவை. குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி சென்று அமர்வதும் இத்தகைய பகுதிகளில்தான். இங்கேதான் இத்துறையின் மிக முக்கியமான எண்ணம் பிறக்கிறது: ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியின் எழுத்து வேறுபாடு, ஹார்மோன் குறைவாக இருக்கும்போது எந்த விளைவும் காட்டாமல், ஹார்மோன் உயர்ந்தால் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபட்ட விளைவைத் தரக்கூடும். மியூனிக் நிறுவனத்தார் 2015இல் இதைச் சோதித்துக் காட்டினர். 160 ஆண்களின் இரத்தத்தை டெக்ஸாமெத்தசோன் 1.5 மில்லிகிராம் கொடுப்பதற்கு முன்னும் மூன்று மணி நேரம் கழித்தும் எடுத்து, மரபணுக்களின் இயக்கம் எவ்வளவு மாறியது என்பதை அளந்தபோது, அந்த மாற்றத்தின் அளவை முடிவுசெய்யும் வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவை மனச்சோர்வு முதலிய நோய்களோடு தொடர்புற்றிருந்தன. இதே சோதனையைக் கொழுப்புத் திசுவிலும் கல்லீரலிலும் செய்தால்தான் சர்க்கரைக்கும் பருமனுக்கும் உரிய விடை கிடைக்கும். இரத்தத்தின் வெள்ளணுக்களில் கிடைத்ததை அத்திசுக்களுக்கு ஏற்றிச் சொல்ல முடியாது என்பது மேலே திசுப் பட்டியல்கள் பற்றிச் சொன்னதிலிருந்தே புலப்படும்.

இந்தியாவில் இக்கேள்வி மரபணுக்களின் வழியே அல்லாமல், பிறப்பின் வழியே நுழைந்தது. மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1930களிலிருந்து பிறந்த குழந்தைகளின் எடைக் குறிப்புகள் பாதுகாக்கப்பட்டிருந்ததால், அங்கே பிறந்தவர்களை நடுவயதில் தேடிப்பிடித்துச் சோதிக்க முடிந்தது. அவர்களின் காலைக் கார்டிசால் பற்றி 2003இல் வெளியான கட்டுரை, கார்டிசால் உயர்ந்தவர்களிடம் இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, இன்சுலின் எதிர்ப்பு, டிரைகிளிசரைடு ஆகியவையும் உயர்ந்திருந்ததையும், உடற்கொழுப்பு மிகுந்தவர்களிடம் இந்த உறவு மேலும் வலுவாக இருந்ததையும் தெரிவித்தது. கொழுப்புத் திசு கார்டிசாலின் விளைவைப் பெருக்குகிறது என்ற கருத்துக்கு இது பொருந்திவருகிறது. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் குழு, இந்தியக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ எடையோடு பிறந்தாலும், 3.5 கிலோ எடையுள்ள ஆங்கிலேயக் குழந்தைகளோடு ஒப்பிட, தசையைத்தான் மிகுதியாக இழந்திருக்கின்றன, தோலடிக் கொழுப்பை ஏறத்தாழக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன என்று காட்டியது. ஒல்லியான உடலில் கூடுதல் கொழுப்பு என்ற இந்த அமைப்பை, ஒல்லியாகத் தெரியும் வயது வந்தோருக்கும் நீரிழிவு வருவதன் தொடக்கமாக அவர்கள் கொள்கின்றனர். கருவைத் தாயின் கார்டிசாலிலிருந்து காக்கும் நொதி ஒன்று நஞ்சுக்கொடியில் உண்டு. எடின்பரோவில் சூலுற்ற எலிகளுக்கு, அந்நொதி எளிதில் செயலிழக்கச் செய்ய முடியாத டெக்ஸாமெத்தசோனைக் கொடுத்தபோது, குட்டிகள் எடை குறைந்து பிறந்ததோடு, வளர்ந்த பிறகும் அவற்றின் கல்லீரலில் பி.சி.கே.1 மிகுதியாகவே இயங்கியதை 1998இல் கண்டனர். ஆனால் எல்லாச் சான்றும் ஒரே பக்கம் சாயவில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த தாய்மாரின் பிள்ளைகளை மைசூரில் பதின்பருவத்தில் மேடையேற்றிப் பேசவும் கணக்குப் போடவும் வைத்துச் சோதித்தபோது, அவர்களின் இரத்த அழுத்தமும் இதயத்தின் வேலையும் மற்றவர்களைவிட மிகுதியாக உயர்ந்தன. கார்டிசாலில் வேறுபாடு இல்லை.

கவலை என்பதை அளப்பதே கடினம் என்பதும் இங்கே நினைவுக்குரியது. இலண்டன் அரசு ஊழியர்கள் 10,000 பேருக்கு மேல் பங்குகொண்ட வைட்ஹால் ஆய்வில், ஆண்டுக்கணக்கில் வேலை நெருக்கடியைத் தொடர்ந்து சந்தித்தவர்களுக்கு வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் இருந்ததாக 2006இல் தெரிவிக்கப்பட்டது. அலுவலக ஊழியரின் நெருக்கடியும், முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் கடையத்திலும் முற்றத்தில் முறத்தை மடியில் வைத்து, குனிந்த கழுத்து நிமிராமல் நாள் முழுவதும் பீடி சுற்றும் பெண்ணின் நெருக்கடியும் ஒன்றல்ல. பின்னவர் உட்கார்ந்தே வேலை செய்கிறார், புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறார், சமையலையும் பிள்ளைகளையும் அதற்கிடையில் பார்க்கிறார். விக்கிரமசிங்கபுரத்தில் தலைமுறைகளாகப் பஞ்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தவர்களின் நிலை வேறு. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2009இல் 10 பேரின் தூக்க நேரத்தையும் உணவு நேரத்தையும் படிப்படியாகத் தலைகீழாக்கியபோது, கார்டிசாலின் நாள்சுழற்சி கலைந்தது. சர்க்கரை 6 விழுக்காடும் இரத்த அழுத்தம் 3 விழுக்காடும் உயர்ந்தன. சிலருக்குச் சில நாட்களிலேயே நீரிழிவுக்கு முந்தைய நிலை தோன்றியது. திசுக்களின் கடிகாரத்தை ஓட்டும் பெர்1 என்ற மரபணு கார்டிசாலுக்கு நேரடியாகக் கட்டுப்பட்டது என்பதால் இவ்விளைவு எதிர்பார்க்கத் தக்கதே. மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு 2024இல் கீழே இறங்க நேர்ந்த குடும்பங்களின் நெருக்கடியை மேற்சொன்ன எந்த வகையிலும் சேர்க்க முடியாது. மன அழுத்தம் என்ற ஒரே தலைப்பின்கீழ் இத்தனையையும் அடக்கி, அதற்கு ஒரு மரபணுவைத் தேடுவதில் அறிவியல் வழியில் பொருளில்லை.

தாமிரவருணிப் பள்ளத்தாக்கு போன்ற இடத்தில் இந்த ஆய்வைத் தொடங்குவதற்குத் தடையாக இருந்த சில காரணங்கள் இப்போது நீங்கிவருகின்றன. ஒரு நேர இரத்தக் கார்டிசால், அந்த நிமிடத்தின் பதற்றத்தையே பெரும்பாலும் காட்டும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் வளரும் தலைமுடியில் படியும் கார்டிசாலோ பல மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. அதை எடுக்க ஊசியோ, எடுத்துவைக்கக் குளிர்பெட்டியோ தேவையில்லை. 10,000 இந்தியரின் மரபுத்தொகுதியை வரிசைப்படுத்திய ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 சனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டுள்ளது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள் மணம் முடித்துவந்த தெற்காசிய மக்கட்குழுக்கள் பலவற்றில், சில முன்னோரின் அரிய மரபணு வேறுபாடுகள் செறிந்திருப்பதை ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. நிறுவனத்தார் பங்குகொண்ட 2017ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஏ.என்.ஜி.பி.டி.எல்.4 போன்ற மரபணுக்களின் செயலை முற்றிலும் குன்றச் செய்யும் வேறுபாடுகளைக் கண்டுபிடிக்க இத்தகைய மக்களே ஏற்றவர்கள். திருநெல்வேலியில் 1965 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரியும், பீடித் தொழிலாளருக்கென்று உள்ள மருத்துவமனைகளும் சேர்ந்தால், முடி மாதிரியும் மரபணு மாதிரியும் சர்க்கரை அளவும் ஒரே நபரிடமிருந்து பல்லாண்டுகள் தொடர்ந்து எடுக்கும் ஆய்வு இப்பகுதியில் நடத்தக்கூடியதே. இன்று கையிலுள்ள அறிவின் பெரும்பகுதி ஐரோப்பியர் உடலிலிருந்து பெற்றது என்ற குறை, இங்கே அளந்தால் மட்டுமே தீரும்.

ஆய்வுகள் வரும்வரை, உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் பொறுத்தவரை காத்திருக்கத் தேவையில்லை. கார்டிசாலுக்குக் கட்டுப்பட்ட மரபணுக்கள் மனிதரிடம் சர்க்கரையை உயர்த்துகின்றன என்பதற்கு மிகத் தெளிவான சான்று கவலையிலிருந்து வரவில்லை. ஸ்டீராய்டு மருந்திலிருந்து வந்தது. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் ஆகிய மூன்றும் கார்டிசால் பற்றும் அதே ஏற்பியைப் பற்றி அதே மரபணுக்களைப் பன்மடங்கு வேகத்தில் இயக்குகின்றன. 2020 சூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்ததைக் காட்டியது; அது பல உயிர்களைக் காத்தது. தேவைக்கு மிஞ்சிய அளவிலும், தேவையற்ற நோயாளிகளுக்கும் அது கொடுக்கப்பட்ட இடங்களில், 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி, இந்தியாவில் 40,000க்கு மேற்பட்டோரைக் கருப்புப் பூஞ்சை நோய் தாக்கியதில் ஸ்டீராய்டின் பங்கு பெரிது. அண்மையில் அமெரிக்காவில், பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத நீரிழிவு உள்ளவர்களைச் சோதித்தபோது ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் கார்டிசால் மிகை தென்பட்டது. அந்த ஆய்வை நடத்தியது கார்டிசால் தடுப்பு மருந்தை விற்கும் நிறுவனமே என்பதால் அந்த விகிதத்தை எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும், ஆனால் கட்டுப்படாத சர்க்கரைக்குப் பின்னால் கார்டிசாலைத் தேட வேண்டும் என்ற அறிவுரை நியாயமானது.

கவலையால்தான் நோய் வந்தது என்று நோயாளியையே குற்றவாளியாக்கும் பேச்சுக்கு இதுவரை கிடைத்த அறிவியல் இடம் தரவில்லை. உணவாலும் நடையாலும் நீரிழிவைத் தள்ளிப்போட முடியும் என்பதையோ, ஏ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006இல் வெளியான தடுப்பு ஆய்வு உறுதிசெய்துள்ளது. வாழ்க்கைமுறை மாற்றம் மட்டுமே நோய் வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தது. எடை கூடவும், மூட்டுவலி தீரவும், இளைப்பு அடங்கவும் மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் சிறு மாத்திரைகளிலும், உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத பொட்டலப் பொடிகளிலும் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். அவற்றை உண்டுவருபவர்கள் தம் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். காலையில் ஸ்டீராய்டு எடுப்பவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பாக இருந்து, பிற்பகலில்தான் ஏறும் என்பதால் மதிய உணவுக்குப் பிந்தைய சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். நாட்பட உண்டவர்களின் அட்ரினல் சுரப்பி ஓய்ந்துபோயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், தாமாக நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.